ரோபோ ஓடினால் போதுமா? கூடுதல் கணிதம் வேண்டாமா?

படிவம் 3 முடியும் சமயத்தில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் ரோபோட்டிக்ஸில் கெட்டிக்காரன், சார். கோடிங் எல்லாம் தானாகவே எழுதுகிறான். படிவம் 4-இல் கூடுதல் கணிதம் எடுத்தே ஆக வேண்டுமா?" 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பாகுபாடு நீங்கி, பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அதன் பிறகு இந்தக் கேள்வி அதிகமாகவே காதில் விழுகிறது. கூடுதல் கணிதம் எடுத்தால் எஸ்.பி.எம். சான்றிதழில் ஒரு 'ஏ' குறைந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். கணினியே எல்லாக் கணக்கையும் போட்டுவிடுமே என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம்.

இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பொறியியலைச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் என் பதில்: ரோபோ செய்ய ஆசைப்படும் பிள்ளை எதை விட்டாலும் கூடுதல் கணிதத்தை விடக்கூடாது. பல்கலைக்கழக நுழைவுத் தகுதிக்காக இதைச் சொல்லவில்லை. அது வேறு விஷயம், அதைச் சொல்ல ஆலோசக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். காரணம் ரோபோவுக்கு உள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் எழுதும் நிரலில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது.

ஆர்டுயினோ பலகையில் நிரல் எழுதிய எவருக்கும் அந்த வரி தெரியும். டிலே(1000). 'ஆயிரம் மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடி, சும்மா இரு' என்று பொருள். தூரத்தை அள, மோட்டாருக்கு வேகம் சொல், ஒரு வினாடி காத்திரு, மறுபடி அள. பல மாணவர் திட்டங்களில் நான் பார்ப்பது இந்த வடிவத்தைத்தான். ஏன் 1000 என்று கேட்டால், யூடியூப்பில் அப்படித்தான் இருந்தது என்பார்கள். 500 போட்டதும் நன்றாக ஓடியது என்று சிலர் சொல்வார்கள். ஏன் ஓடியது என்று கேட்டால் மௌனம்.

கணினி சும்மா இருக்கும் அந்த ஒரு வினாடியில் மோட்டார் சும்மா இருப்பதில்லை. கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். கணினி கண்ணை மூடியிருக்கிறது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சுவருக்கு 90 சென்டிமீட்டர் முன்னால் தரையில் ஒரு கோடு. வண்டி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். இப்போது கோட்டுக்கு 40 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. விதி எளியது: மீதித் தூரம் எவ்வளவோ, அதைப் போல் இரண்டு மடங்கு வேகம். 40 சென்டிமீட்டர் மீதி என்றால் வினாடிக்கு 80 சென்டிமீட்டர், 10 மீதி என்றால் 20. கோட்டைத் தாண்டிவிட்டால் அதே கணக்கில் பின்னால் வர வேண்டும். நெருங்க நெருங்க மெதுவாகும் நல்ல விதிதான்.

கணினி 0.1 வினாடிக்கு ஒருமுறை அளந்தால் மீதித் தூரம் 40, 32, 25.6 என்று அழகாகக் குறையும். 0.5 வினாடிக்கு ஒருமுறை என்றால் ஒரே ஓட்டம். 80-இல் பாதி 40, வண்டி சரியாகக் கோட்டில் போய் நிற்கும். 0.75 வினாடி என்றால் 60 சென்டிமீட்டர் ஓடி, கோட்டை 20 தாண்டிவிடும். திரும்பி வந்து 10 பின்தங்கும், பிறகு 5 தாண்டும். தள்ளாடினாலும் கடைசியில் நின்றுவிடும். 1 வினாடி, அதாவது நம் டிலே(1000) என்றால்? 80 ஓடி 40 தாண்டும். திரும்ப 80 ஓடிப் பழைய இடத்துக்கே வரும். பேட்டரி தீரும்வரை இப்படியே. 1.1 வினாடி என்றால் 48 தாண்டும், 57.6 பின்வாங்கும், 69 தாண்டும், 83 பின்வாங்கும், அடுத்த பாய்ச்சலில் சுவரில் மோதும்.

விதி மாறவில்லை, மோட்டார் மாறவில்லை. மாறியது இரண்டு பார்வைகளுக்கு இடையிலான நேரம் மட்டுமே.

இதில் உள்ள கணிதம் படிவம் 4 பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஜன்ஜாங் என்று மலாயில் படிக்கும் பெருக்குத் தொடர்வரிசைதான். ஒவ்வொரு பார்வையிலும் மீதித் தூரம் ஒரே எண்ணால் பெருக்கப்படுகிறது. அந்த எண், 1-லிருந்து விதியின் மடங்கையும் இடைவெளியையும் பெருக்கிக் கழித்தால் வருவது. மடங்கு 2, இடைவெளி 0.75 என்றால் 1 − 1.5, அதாவது −0.5. அந்த எண் −1-க்கும் 1-க்கும் நடுவில் இருந்தால் வண்டி நிற்கும். வெளியே போனால் சுவர்தான். 'பொது விகிதம் இவ்வளவு, பத்தாவது உறுப்பைக் காண்க' என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர், தன் கையில் ஓடும் வண்டிக்குள் அந்த விகிதம் உட்கார்ந்திருப்பதை அறியாமலே பள்ளியை விட்டுப் போய்விடுகிறார். எனக்கு இதுதான் வருத்தம்.

விளையாட்டு வண்டிக்கு இவ்வளவு விளக்கமா என்று நினைப்பவர்கள் காஜாங் எம்.ஆர்.டி. நிலையத்துக்கு ஒருநாள் வரலாம். 2016 டிசம்பர் 16-ஆம் தேதி சுங்கை பூலோவிலிருந்து செமந்தான் வரை தொடங்கிய அந்த வழித்தடம், 2017 ஜூலை 17-ஆம் தேதி காஜாங் வரை முழுமையடைந்தது. இரயிலை ஓட்ட ஆள் கிடையாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போகக்கூடிய நான்கு பெட்டி இரயில் வந்து நிற்கிறது. மேடையின் தானியங்கிக் கதவுகளுக்கு நேராக இரயிலின் கதவுகள் வந்து பொருந்தினால்தான் நாம் ஏறி இறங்க முடியும். நம் வண்டியின் கோடு அங்கே மேடைக் கதவு. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், எடையும் பயணிகளும் இருக்கிறார்கள். ஆனால் கேள்வி அதேதான். இரயிலின் கணினியும் வேகத்தையும் இடத்தையும் விட்டு விட்டுத்தான் அளக்கிறது. எவ்வளவு தூரம் போகலாம் என்ற அனுமதி வானொலி அலை மூலம் செய்தி செய்தியாகத்தான் வருகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். பேச்சுக்கு அரை வினாடி கண்ணை மூடினால்கூட 14 மீட்டர் தாண்டியிருக்கும்.

இப்படிக் கணினி விட்டு விட்டுப் பார்க்க, இயந்திரம் விடாமல் ஓடும் அமைப்புகளுக்கு சேம்பிள்டு டேட்டா அமைப்புகள் என்று பெயர். இது கணினி யுகத்தின் புதுப் பிரச்சினையும் இல்லை. சுழலும் ரேடார், இலக்கை ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் பார்க்கும். நடுவில் விமானம் பறந்துகொண்டேதான் இருக்கும். இத்தகைய அமைப்புகளுக்கான கணித முறையை 1952-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜான் ரகசீனியும் லோட்ஃபி ஸாடேயும் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். பின்னாளில் 'ஃபஸி' தர்க்கத்தால் புகழ்பெற்றாரே, அதே ஸாடேதான்.

இந்த அமைப்புகளைக் கணிதமாக எழுதும்போது இரண்டு குறுக்குவழிகள் ஆசை காட்டும். முதலாவது, இடைவெளியையே மறந்துவிடுவது. கணினி விடாமல் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டு வகையீட்டுச் சமன்பாடு எழுதினால், நம் வண்டி எந்த மடங்கிலும் கோட்டைத் தாண்டவே தாண்டாது. காகிதத்தில் எல்லாம் சுகம். சுவரில் மோதிய பிறகுதான் விஷயம் தெரியும்.

இரண்டாவது குறுக்குவழி இன்னும் நயமானது. கணினி பார்க்கும் கணங்களை மட்டும் எழுதிக்கொண்டு நடுவில் நடப்பதை விட்டுவிடுவது. மேலே நான் போட்ட 40, 32, 25.6 அப்படிப்பட்ட கணக்குதான். நம் சின்ன வண்டிக்கு அது சரியான விடை தந்தது. ஆனால் அதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோனால் ஏமாற்றும். காஜாங்கில் இருந்துகொண்டு சாத்தே உதாரணம் சொல்லாமல் விட முடியாது: குச்சிகளைத் திருப்பும் நேரத்தில் மட்டும் இறைச்சியைப் பார்ப்பவருக்கு, நடுவில் கரி பொங்கி எரிந்து தணிந்தது தெரியாது. கருகல் மட்டும் மிஞ்சும்.

மின்சாரத்தில் இதைத் துல்லியமாகக் காட்டலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. அந்த மின்னழுத்தம் +325 வோல்ட்டுக்கும் −325 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதை ஒரு கணினி சரியாக 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை அளந்தால் என்ன தெரியும்? முதல் அளவு 200 வோல்ட் என்றால் அடுத்ததும் 200, அதற்கடுத்ததும் 200. கணினியைப் பொறுத்தவரை அது ஒரு பேட்டரி. 21 மில்லிவினாடிக்கு ஒருமுறை அளந்தால், வினாடிக்கு இரண்டரை முறைக்குச் சற்றுக் குறைவாக, மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலை தெரியும். அப்படி ஓர் அலை அங்கே கிடையவே கிடையாது. காஜாங்கில் இருக்கும் யுனிட்டன், தெனாகா நேஷனலுக்குச் சொந்தமான பல்கலைக்கழகம். மின்கட்டமைப்பைப் படிக்கத்தான் பலர் அங்கே போகிறார்கள். இந்தப் பேட்டரி மயக்கத்தைப் புரிந்துகொள்ள அவர்கள் பல்கலைக்கழகம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. படிவம் 5-இன் சைன் வளைவு போதும்.

பார்க்க முடியாதது மட்டும் சிக்கல் என்றால் பரவாயில்லை. ஓர் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒருமுறை போய் வர எடுக்கும் நேரம்தான் உங்கள் பார்வை இடைவெளியும் என்று வையுங்கள். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஊஞ்சல் அதே இடத்தில் இருக்கும், அசையாததுபோல. சரி, ஆட்டத்தை நிறுத்த ஒரே அளவு விசையை அடுத்த பார்வைவரை கொடுத்துப் பார்க்கலாம் என்றால், போகும்போது அந்த விசை செய்ததை வரும்போது அதுவே அழித்துவிடும். ஊஞ்சலின் ஆட்டம் கடுகளவும் மாறாது. பார்க்கவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. 1963-இல் ருடால்ஃப் கால்மன், யூ-சி ஹோ, கும்பட்டி நரேந்திரா ஆகிய மூவர் எழுதிய கட்டுரை, எந்தெந்த இடைவெளிகளில் பிடி இப்படிக் கைநழுவலாம் என்பதற்குக் கணித நிபந்தனை தந்தது. கல்லூரி மாணவர்கள் அரை ஆட்ட நேரத்தையும் சோதித்துப் பார்க்கலாம், அதுவும் ஆபத்தான இடைவெளிதான். மூவரில் நரேந்திரா 1933-இல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து ஹார்வர்டுக்குப் போனவர், யேல் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். நம் மாணவர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

அப்படியானால் என்ன செய்வது? நேரத்தைத் துண்டு போடாமல், இடைவெளியையும் மறக்காமல் எழுத வழி உண்டு. எனக்கு மிகப் பிடித்த வழி, கணினியிடம் உள்ள தகவலின் வயதைக் கேட்பது. அளந்த அந்தக் கணத்தில் தகவலுக்கு வயது பூஜ்யம். பிறகு வினாடிக்கு ஒரு வினாடி என்று வயதாகிக்கொண்டே போகிறது. அடுத்த அளவு வந்ததும் மறுபடி பூஜ்யம். வரைபடத்தில் போட்டால் இரம்பப் பல் போல இருக்கும். இப்போது வண்டியின் சமன்பாட்டை விடாமல் ஓடும் நேரத்திலேயே எழுதலாம்: 'இப்போதைய வேகம், இத்தனை நேரத்துக்கு முந்தைய தூரத்தைப் பொறுத்தது.' அந்த 'இத்தனை நேரம்' இரம்பப் பல்லாக மாறிக்கொண்டிருக்கிறது. எமிலியா ஃபிரிட்மன், அலெக்சாண்டர் செரே, ழான்-பியர் ரிஷார் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இந்த அணுகுமுறை பரவலாகியது.

இங்கேயும் அவசரக் கணக்கு ஆபத்து. தகவலின் சராசரி வயது இடைவெளியில் பாதிதானே, அதையே நிலையான தாமதமாக வைத்துக்கொள்வோம் என்று தோன்றும். 0.1 வினாடி இடைவெளியில் அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் எல்லையைத் தேடும்போது அது, நம் வண்டி 1.57 வினாடி இடைவெளிவரை தாங்கும் என்று சொல்லும். உண்மையான எல்லை 1 வினாடி என்று மேலே பார்த்தோம். சராசரியை நம்பியவர் வண்டி சுவரில் மோதும். மாறாக, தாமதம் அந்த இடைவெளிக்குள் எப்படி வேண்டுமானாலும் மாறலாம் என்று எடுத்துக்கொண்டால் 0.75 வினாடிக்குத்தான் உத்தரவாதம் கிடைக்கும். அது பாதுகாப்பானது, ஆனால் கஞ்சத்தனமானது. தாமதம் இரம்பப் பல்லாகத்தான் ஏறும், பூஜ்யத்துக்குத்தான் விழும் என்ற கூடுதல் செய்தியைச் சமன்பாட்டுக்குள் சேர்க்கச் சேர்க்க உண்மையான எல்லையை நெருங்கலாம். மூன்று கணக்கு, மூன்று விடை. எதை நம்பலாம் என்று சொல்ல நிரல் தெரிந்தால் போதாது.

தொடர்வரிசைக் கணக்கே 1 வினாடி என்று சரியாகச் சொல்லிவிட்டதே, இவ்வளவு சுற்று எதற்கு என்று கூர்மையான மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கணக்கு, எல்லா இடைவெளியும் ஒரே அளவு என்று நம்பியது. உண்மையான வண்டியில் ஒரு நிரல் வரி தாமதமாகும், ஒரு வானொலிச் செய்தி பிந்தும், ஒன்று வராமலே போகும். இடைவெளி ஒவ்வொன்றும் வேறு வேறு அளவாகும்போது ஒரே பொது விகிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தகவலின் வயதுக் கணக்கு அப்போதும் நிற்கும்.

நான் மாணவர்களைக் குறை சொல்லவில்லை. நம் தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் ரோபோ கழகங்கள் நடத்தும் ஆசிரியர்கள் பலர் தங்கள் சனிக்கிழமைகளைக் கொடுத்து உழைக்கிறார்கள். அந்த உற்சாகத்தில் ஒரு சொட்டுகூடக் குறையக்கூடாது. ஆனால் போட்டிகளில் வண்டி ஓடியதா, கோட்டைத் தொட்டதா, எத்தனை வினாடி என்பதற்கே புள்ளிகள். ஏற்பாட்டாளர்களுக்கு என் வேண்டுகோள்: நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். 'டிலேக்குள் இருக்கும் எண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?' அதற்குப் பத்துப் புள்ளி வையுங்கள். மறு ஆண்டே கழகத்துக் கரும்பலகையில் தொடர்வரிசை ஏறிவிடும்.

கூடுதல் கணித ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கலாம். படிவம் 4-இல் தொடர்வரிசை, படிவம் 5-இல் வகையிடலும் தொகையிடலும், கடைசியில் நேர்கோட்டு இயக்கம். இவை நான்கும் சேர்ந்து அந்த வண்டிக்குள் இருக்கின்றன. பாடம் நடத்தும் நாளில் கழகத்து வண்டியை வகுப்புக்குக் கொண்டுவந்து ஒருமுறை ஓடவிடலாமே. எல்லாருக்கும் கூடுதல் கணிதம் தேவை என்பது என் வாதமில்லை. வரலாறும் கணக்கியலும் விரும்பும் பிள்ளையை இழுத்து வந்து உட்கார வைக்க வேண்டாம். 'எனக்கு ரோபோதான் பிடிக்கும், கணக்கு பிடிக்காது' என்று சொல்லும் பிள்ளையைத்தான் நான் விட மனமில்லாமல் பிடித்துவைக்கப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைக்கு யுனிட்டனும், பாங்கியில் யூ.கே.எம்.மும், செமினியில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் காஜாங்கிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மூன்றிலும் பொறியியல் உண்டு. வகையீட்டுச் சமன்பாட்டைப் பார்க்காத பொறியியல் எங்கும் கிடையாது.

வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரக் கடைசியில் ஒரு சோதனை செய்யலாம். அதே 'இரண்டு மடங்கு' விதியை எழுதுங்கள். மோட்டாருக்கு அனுப்பும் எண்ணுக்கும் உண்மையான வேகத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் அளந்துகொள்ளுங்கள், அது அநேகமாக நேர்க்கோடாக இராது. டிலேக்குள் 250, 500, 750 என்று மாற்றி, ஒவ்வொரு பார்வையிலும் மீதித் தூரத்தைத் தாளில் குறியுங்கள். ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுங்கள். 250-க்கு 0.5-உம் 750-க்கு −0.5-உம் கிடைக்க வேண்டும். சரியாக வராது. சக்கரம் வழுக்கும், மோட்டார் உடனே வேகம் பிடிக்காது, பேட்டரி இறங்கும். எவ்வளவு தள்ளி வருகிறது, ஏன் என்று எழுதிக்கொண்டு உங்கள் கணித ஆசிரியரிடம் போங்கள்.